வேலைக்குப் பணம் கொடுக்க மறுத்தேன். தேவசித்தத்தைத் தவறவிட்டாயே என்கிறார்கள்

குமரி ஆசிரியை:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பி.எட். முடித்து, டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) இரண்டாம் தாளும் தேறி, இப்போது ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். வாங்கும் சம்பளம் பஸ்ஸுக்கும் வீட்டு மளிகைக்கும் சரியாகப் போய்விடும். போன வருஷம் பக்கத்து ஊரில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பட்டதாரி ஆசிரியர் இடம் காலியானது. நேர்காணலுக்குப் போனேன், நன்றாகவே செய்தேன். சில நாள் கழித்து நிர்வாகத்துக்கு வேண்டிய ஒருவர் அப்பாவுக்குப் போன் போட்டு, இடம் உங்கள் மகளுக்குத்தான், ஆனால் கட்டட நிதி என்று ஒரு தொகையை ரொக்கமாகக் கொடுத்துவிட வேண்டும், அதற்கு ரசீது கிடையாது என்றார். தொகையை இங்கே எழுத விரும்பவில்லை. அம்மாவின் நகை முழுவதையும் அடகு வைத்து, வீட்டுப் பத்திரத்தையும் வைத்தால்தான் அவ்வளவு தேறும்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். ஆத்திரத்தில் சொல்லவில்லை, ஜெபித்து, யோசித்துத்தான் சொன்னேன். அந்த இடம் வேறொருவருக்குப் போனது. அவரும் எங்கள் சபையைச் சேர்ந்தவர்தான். அவர் வீட்டார் பணம் கட்டியது ஊருக்கே தெரியும். வேலையில் சேர்ந்த பிறகு ஞாயிறு ஆராதனையில் எழுந்து, அடைபட்ட கதவைக் கர்த்தர் திறந்தார் என்று சாட்சி சொன்னார். சபை முழுக்க அல்லேலூயா சொன்னது.

அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். அம்மா, "கர்த்தர் திறந்த கதவை நீயே அடைத்துவிட்டாய்" என்கிறார். அப்பா, "பணமும் அவர் கொடுத்ததுதானே, இன்றைக்கு இதுதான் நடைமுறை" என்கிறார். சபை மூப்பர் ஒருவர் சர்ப்பங்களைப்போல வினாவுள்ளவர்களாய் இருக்கச் சொல்லும் வசனத்தை எடுத்துச் சொன்னார். வரன் பார்க்க வருகிறவர்களும் முதலில் கேட்பது, பெண்ணுக்கு நிரந்தர வேலை இல்லையா என்பதுதான்.

நான் சொன்னது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. நாளைக்கு இன்னொருவர் கேட்டாலும் முடியாது என்றுதான் சொல்வேன். என் கேள்வி வேறு. "உன் வழிகளிலெல்லாம் அவரை நினைத்துக்கொள், அப்பொழுது அவர் உன் பாதைகளைச் செவ்வைப்படுத்துவார்" என்று நீதிமொழிகள் 3:6 சொல்கிறது. சின்ன வயசிலிருந்து மனப்பாடம். அவரை நினைத்துத்தான் முடிவெடுத்தேன், ஆனால் எனக்கு எதுவும் செவ்வையாகவில்லை, பணம் கொடுத்தவருக்கு வேலையும் கிடைத்தது, சாட்சியும் கிடைத்தது. அப்படியென்றால் நான் நடந்தது அவருடைய வழிதான் என்று எதை வைத்து நம்புவது? ஏற்ற வேளையில் உயர்த்துவார் என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். கேட்டுக் கேட்டு அந்த வார்த்தையே மனசில் ஒட்டாமல் போய்விட்டது.

பாளை அக்கா:

தங்கச்சி, அப்போஸ்தலர் 24ஆம் அதிகாரத்தை இன்னொரு முறை மெதுவாக வாசித்துப் பாருங்கள். பவுல் செசரியாவில் காவலில் இருக்கிறார். தேசாதிபதி பேலிக்ஸ் அவரை அடிக்கடி கூப்பிட்டுப் பேசுகிறான். எதற்காக என்று லூக்கா மறைக்காமல் எழுதிவிட்டார்: விடுதலை பண்ணுவதற்குப் பவுல் பணம் கொடுப்பான் என்று அவன் எதிர்பார்த்தான், 26ஆம் வசனம். பவுலால் பணம் திரட்டியிருக்க முடியாது என்றும் சொல்வதற்கில்லை. தன் ஜனத்தாருக்குத் தருமப்பணம் கொண்டுவந்ததாக அதே விசாரணையில் அவரே சொல்கிறார், அவருடைய மனுஷர் வந்து பார்க்கவும் அனுமதி இருந்தது. ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் சபைகள் சேர்த்துக் கொடுத்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இதற்கு முந்தின அதிகாரத்தில், 23:11ல், கர்த்தர் இராத்திரியிலே பவுலின் அருகே நின்று, நீ ரோமாவிலும் சாட்சி கொடுக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். ரோமாபுரிக்குப் போவது தேவசித்தம், அதில் பவுலுக்குச் சந்தேகமே இல்லை. பேலிக்ஸ் கேட்டதைக் கொடுத்திருந்தால் உடனே கப்பல் ஏறியிருக்கலாம். உங்கள் அம்மா சொல்கிற "கர்த்தர் திறந்த கதவு" என்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேதத்தில் உண்டா? பவுல் கொடுக்கவில்லை. பணத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த அந்த மனுஷனிடமே நீதியையும் இச்சையடக்கத்தையும் இனிவரும் நியாயத்தீர்ப்பையும் பற்றிப் பேசினார், அவன் பயந்துபோய், இப்போது நீ போகலாம் என்று அனுப்பிவிட்டான். அப்படியே இரண்டு வருஷம் போனது. பதவியை விட்டுப் போகும்போதும், யூதரைப் பிரியப்படுத்த வேண்டும் என்று பவுலைக் கட்டப்பட்டவராகவே விட்டுவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு அவர் ரோமாவுக்குப் போனது உண்மைதான். போனது கைதியாக. வழியில் கப்பல் உடைந்து மெலித்தா தீவில் கரையேறினார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் முடிகிற இடத்திலும் வாடகை வீடு, கூடவே ஒரு சேவகன் காவல். பாதை செவ்வையானால் சுகமாகவும் சீக்கிரமாகவும் போய்ச் சேருவோம் என்று நாமாக எதிர்பார்க்கிறோம், பவுலின் பாதையில் அது இரண்டுமே இல்லை. ஆனாலும் கர்த்தர் சொன்ன ஊருக்கு அவர் போய்ச் சேர்ந்தார், பேலிக்ஸுக்கு எதுவும் கொடுக்காமல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் உதவி பெறும் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பணம் கொடுத்து உள்ளே வந்த இளம் ஆசிரியைகளைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். வட்டி கட்டவே சம்பளத்தில் பெரும்பங்கு போய்விடும், பள்ளி விட்டதும் டியூஷனுக்கு ஓடுவார்கள். அதைவிடக் கொடுமை, நிர்வாகம் எதைச் சொன்னாலும் தலையாட்ட வேண்டிய நிலை. வராத பிள்ளைக்கு வருகை போடச் சொன்னால்கூட மறுக்க நாக்கு எழாது, ஏனென்றால் எப்படி வந்தோம் என்பது இரண்டு பக்கமும் தெரியும். அவர்களில் கெட்டவர்கள் என்று யாரையும் சொல்ல மாட்டேன். பயந்துபோன பிள்ளைகள்.

அந்தச் சாட்சியை நீங்கள் மனசில் சுமக்க வேண்டாம், அது அவருக்கும் கர்த்தருக்கும் உள்ள காரியம். ஆனால் வேலை கிடைத்தவர், விசா கிடைத்தவர், வீடு கட்டினவர் இவர்களை மட்டும் மைக் முன்னால் நிறுத்துகிற பழக்கம் நம் சபைகளைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது, இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். "பணம் கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை, வேலை கிடைக்கவில்லை, கர்த்தர் நல்லவர்" என்று ஒருவர் எழுந்து சொல்லி நம் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்களா?

சட்டம் படிப்பவன்:

வேத விளக்கம் பெரியவர்கள் சொல்லட்டும், சட்டத்தில் இதற்கு என்ன இடம் என்பதை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இது வெறும் நடைமுறை என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். ஊழல் தடுப்புச் சட்டம் 1988ல் வந்தது. அரசு உதவி பெறும் கல்வி நிறுவனத்தின் நிர்வாகிகளும் ஊழியர்களும் அதில் பொது ஊழியர் என்ற வரையறைக்குள்ளேயே வருகிறார்கள், தனியார் நிர்வாகம்தானே என்று ஒதுங்க முடியாது. 2018ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் நேரடியாகவே குற்றம், ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் 7 நாளுக்குள் போலீஸிலோ விசாரணை அமைப்பிலோ தெரிவித்துவிட்டால் அந்தப் பிரிவு அவர்மேல் பாயாது. முன்கூட்டியே லஞ்ச ஒழிப்புத் துறையில் புகார் சொல்லி, அவர்கள் ஏற்பாட்டின்படி கொடுத்தாலும் குற்றமாகாது. ரசாயனம் தடவிய நோட்டோடு பிடிபட்டார் என்று பேப்பரில் வருவதெல்லாம் அந்த வகை.

ஆசிரியை அக்கா, உங்கள் அப்பா பணம் கட்டியிருந்தால் வழக்கு வரும்போது வாங்கினவர் பக்கத்தில் அவர் பெயரும் இருக்கும். அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13ஐ வரி கட்டுவதோடு நிறுத்திவிடக் கூடாது, இதற்கும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கோவை வாசகன்:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், யாரும் வருத்தப்படக் கூடாது. பரிதானத்தைப் பற்றிய, அதாவது லஞ்சத்தைப் பற்றிய வசனங்களை எடுத்துப் பாருங்கள்: யாத்திராகமம் 23:8, உபாகமம் 16:19, சங்கீதம் 15:5, ஏசாயா 1:23. எல்லாமே வாங்குகிறவனைத்தான் கண்டிக்கின்றன. நீதிமொழிகள் 18:16ல், ஒருவன் கொடுக்கும் வெகுமதி அவனுக்கு வழி உண்டாக்கும் என்றுகூட இருக்கிறது.

அப்பா இறந்த பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வாங்க நாங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஃபைல் ஒரே மேசையில் கிடந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை, மாத்திரைக்குக்கூட மாமாவிடம் கை நீட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் கேட்டதைக் கொடுத்தோம், ஃபைல் நகர்ந்தது. கொடுக்காதவர்தான் தேவனுடைய வழியில் நடந்தார் என்று இங்கே எழுதும்போது, என் அம்மா மாதிரி ஆட்கள் வேறு வழியில் நடந்தார்கள் என்று ஆகிவிடுகிறதே? இந்தச் சகோதரிக்கும் தகுதி இருந்தது, அவருக்கு வரவேண்டியதைத்தான் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்டார்கள். முடியாது என்று சொல்லக் கூடியவர்கள் சொல்லட்டும், சந்தோஷம். சொல்ல வழியில்லாத ஏழையின் தலையில் இதையும் ஒரு பாரமாக ஏற்றாதீர்கள்.

மதுரை ஊழியர்:

தம்பி, உங்கள் அம்மாவுக்கு நடந்தது அநியாயம். அவர்கள்மேல் தீர்ப்புச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இரண்டும் ஒன்று இல்லை. ஓய்வூதியம் ஏற்கெனவே உங்கள் அம்மாவுடையது, அதை வாங்கியதால் வேறு யாருடைய பங்கும் குறையவில்லை. வழிப்பறிக்காரனிடம் பணப்பையை நீட்டுகிற மாதிரிதான் அது. ஆசிரியர் இடம் அப்படி இல்லை, அது ஒன்றே ஒன்று. ஒருவர் பணம் கொடுத்து அதில் உட்காரும்போது, நேர்காணலுக்கு வந்த இன்னொருவர், பணம் இல்லை என்ற ஒரே காரணத்தால் வெளியே நிற்கிறார். இடம் உங்களுக்குத்தான் என்ற வார்த்தையை வேறு எத்தனை வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னார்களோ, அதுவும் நமக்குத் தெரியாது. இந்தச் சகோதரி மறுத்தது தன் மனசாட்சிக்காக மட்டும் என்று நான் பார்க்கவில்லை, முகம் தெரியாத அந்த இன்னொருவருக்காகவும்தான்.

வாங்குகிறவனை மட்டும்தான் வேதம் கண்டிக்கிறது என்பதும் முழுக்கச் சரியில்லை. அப்போஸ்தலர் 8ல் சீமோன், பரிசுத்த ஆவியைத் தரும் அதிகாரத்தை வாங்கப் பணம் கொடுக்க வந்தவன். பேதுரு அவனைப் பார்த்துத்தான், உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப்போகக்கடவது என்றார். நீதிமொழிகள் 18:16 உலகம் எப்படி நடக்கிறது என்று பார்த்து எழுதின வசனம், அப்படி நடங்கள் என்று சொல்லவில்லை. அதற்கு முந்தின அதிகாரத்திலேயே, 17:23ல், நீதியின் வழியைப் புரட்ட மடியிலுள்ள பரிதானத்தை வாங்குகிறவனைத் துன்மார்க்கன் என்று அதே புஸ்தகம் சொல்கிறது.

இப்போது சகோதரியின் கேள்விக்கு வருகிறேன், அவருடைய வழி என்று எப்படித் தெரியும்? கதவு திறந்ததா, அடைந்ததா என்பதை வைத்து இதைச் சொல்ல முடியாதம்மா. தாவீது என்கேதி குகையில் இருந்தபோது அவரைக் கொல்லத் தேடிய சவுல் ராஜா தானாகவே உள்ளே வந்தான். இதோ, கர்த்தர் சொன்ன நாள் இதுதான் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். தாவீதுக்கு ராஜாவாகும் அபிஷேகம் ஏற்கெனவே ஆகியிருந்தது, எதிரி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான், இதைவிடத் திறந்த கதவு கிடையாது. அவர் கை வைக்கவில்லை. அதற்குப் பிறகும் அவருக்கு வாய்த்தது ஓட்டம்தான், சிக்லாகில் பெலிஸ்தர் தேசத்தில் ஒதுங்கும் அளவுக்கு.

எரேமியா 42, 43 அதிகாரங்களையும் வாசியுங்கள். எருசலேம் விழுந்த பிறகு மீதியாயிருந்த ஜனங்கள் எரேமியாவிடம் வந்து, கர்த்தரிடம் விசாரித்துச் சொல்லும், நன்மையானாலும் தீமையானாலும் கேட்போம் என்றார்கள். பத்து நாள் சென்று பதில் வந்தது: இந்த தேசத்திலேயே தங்குங்கள், எகிப்துக்குப் போகாதிருங்கள். உடனே, நீ பொய் சொல்லுகிறாய் என்று எரேமியாவையே சாடினார்கள். ஏனென்றால் எகிப்துக்குப் போவது என்று முன்பே தீர்மானித்திருந்தார்கள், ஜெபத்தில் தேடியது அதற்கு ஒரு ஒப்புதலைத்தான். கட்டட நிதி கட்டலாமா என்று உபவாசமிருந்து அடையாளம் கேட்கிறவர்கள் எனக்கும் போன் செய்கிறார்கள். எழுதியிருக்கிற காரியத்துக்கு அடையாளம் எதற்கு என்றுதான் அவர்களிடம் கேட்பேன். அந்த ஜனங்கள் எகிப்துக்குப் போனபோது கீழ்ப்படிந்த எரேமியாவையும் கூடவே கொண்டுபோனார்கள். கர்த்தர் அவரைத் தனியாகப் பிரித்தெடுத்துச் சுகமாக வைக்கவில்லை. அங்கேயும் அவருக்கு வார்த்தை வந்தது, அங்கேயும் பேசினார்.

ஞாயிறு பள்ளியில் எரிக் லிட்டெல் கதை சொல்வோம் அல்லவா? 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓட மறுத்தார், பிறகு 400 மீட்டரில் தங்கம் வாங்கினார் என்று. பிள்ளைகள் கைதட்டுவார்கள், நாமும் அங்கேயே நிறுத்திவிடுவோம். அட்டவணை மாதக்கணக்கில் முன்பே தெரியும் என்பதையும், தனக்குப் பலமான ஓட்டத்தை அவர் நிதானமாக யோசித்து விட்டுவிட்டார் என்பதையும் சொல்வதில்லை. அடுத்த வருஷமே அவர் சீனாவுக்கு மிஷனரியாகப் போய், 1945 பிப்ரவரியில் ஜப்பானியர் நடத்திய தடுப்பு முகாமில், மூளையில் கட்டி வந்து, 43 வயதில் இறந்தார். சில மாதத்தில் அந்த முகாமே விடுதலையானது. தங்கம்தான் கீழ்ப்படிதலுக்குப் பலன் என்றால் அந்த முகாமை எந்தக் கணக்கில் எழுதுவோம்? பாரிஸில் அவர் நம்பின கர்த்தரைத்தான் முகாமிலும் நம்பினார். உங்களிடமும் நான் இதையே சொல்வேன். நீங்கள் நடந்தது அவருடைய வழிதான், அதற்கு ஆதாரம் உங்களுக்குக் கிடைத்த வேலையோ கிடைக்காத வேலையோ இல்லை, அவர் வெறுக்கிறதை நீங்கள் செய்யவில்லை என்பதுதான்.

குமரி ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பேலிக்ஸ் பகுதியை வேதத்தில் எடுத்து வைத்துக்கொண்டு தானாகவே திரும்ப வாசித்தார்.

அப்பாதான் கஷ்டம். வேறொரு பள்ளியில் இடம் வரப்போகிறது, இந்த முறை நான் உன்னைக் கேட்கப்போவதில்லை, நானே முடித்துவிடுவேன் என்கிறார். மறுத்துப் பேசினால், பிள்ளைகளே, பெற்றாருக்குக் கீழ்ப்படியுங்கள் என்று எபேசியர் 6:1ஐச் சொல்லி வாயை அடைத்துவிடுகிறார். அவரை அவமதிக்கவும் எனக்கு மனமில்லை. என்ன செய்வது?

தூத்துக்குடி அப்பா:

மகளே, நானும் பெண் பிள்ளைகளைப் பெற்றவன், அதனால் உங்கள் அப்பா பக்கத்திலிருந்து சொல்கிறேன். அவர் எபேசியர் 6:1ஐ எடுப்பது உங்களை அடக்குவதற்காக இல்லை என்று நினைக்கிறேன். தான் போன பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்ற பயம் ராத்திரியில் எங்களைத் தூங்க விடாது, அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் வசனத்தைப் பிடித்துக்கொள்கிறோம். அதனால் முதலில் வசனத்துக்கு வசனம் பேசாதீர்கள். உறவுக்காரர் யாரும் இல்லாத நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா, உங்களுக்கு என்ன பயம் என்று கேளுங்கள். முழுக்கச் சொல்லி முடிக்கட்டும்.

அப்புறம் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள், நீங்கள் கணக்கு டீச்சர்தானே. நகைக் கடனுக்கு வட்டி எவ்வளவு, பத்திரத்தின் மேல் கடனுக்கு மாசத் தவணை எவ்வளவு, நியமனத்துக்குக் கல்வித்துறை ஒப்புதல் தள்ளிப்போனால் சம்பளம் வராத மாசங்களில் யார் கட்டுவது. ஒப்புதல் வராமல் பணத்தையும் திரும்ப வாங்க முடியாமல் தவிக்கிற குடும்பத்தை எங்கள் தெருவிலேயே பார்த்தேன், ரசீது இல்லாததால் எங்கும் போய்க் கேட்கவும் முடியவில்லை. மேலே அந்தத் தம்பி எழுதிய சட்டத்தையும் காட்டுங்கள், அப்பாவின் பெயரும் வழக்கில் வரும் என்பதை அவர் யோசித்திருக்க மாட்டார்.

கடைசியாக, தெளிவாக, சத்தம் போடாமல் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: நீங்கள் பணம் கொடுத்தால் நான் அந்த வேலையில் சேர மாட்டேன், அந்தப் பணம் வீணாகப் போய்விடும், அதனால் கொடுக்காதீர்கள். அப்பாவுக்குச் சாப்பாடு போடுவதையும், அவரோடு கோயிலுக்குப் போவதையும், மருந்து வாங்கிக் கொடுப்பதையும் ஒருநாளும் குறைக்காதீர்கள். சேர மாட்டேன் என்பதில் மட்டும் அசையாதீர்கள். முதல் நாள் கோபப்படுவார். சில வாரம் பேசாமல்கூட இருப்பார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் தேர்வு வாரியத்தின் பட்டதாரி ஆசிரியர் தேர்வுக்குத் தயாராகிறீர்களா? என் மூத்தவள் கணக்குப் பாடம்தான், அவள் படித்த பழைய வினாத்தாள்களும் குறிப்புகளும் ஒரு பெட்டி நிறைய வீட்டில் இருக்கின்றன. வேண்டுமென்றால் இங்கேயே தனிச் செய்தி அனுப்புங்கள், நாகர்கோவில் பஸ்ஸில் போட்டு அனுப்பி வைக்கிறேன்.